கொடியில் இன்னும் யூனியன் ஜாக் இருக்கிறதே, இவர்கள் எப்போது தனித் தேசம் ஆனார்கள்?

சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா ஆடிய மேட்சைப் பார்த்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: கொடியின் மூலையில் இன்னும் பிரிட்டிஷ் கொடி, பேசுவது ஆங்கிலம், ராஜாகூட லண்டனில் இருப்பவர்தான். அப்படியிருக்க, இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் எப்போது 'நாங்கள் வேறு ஆள்' என்று உணர ஆரம்பித்தார்கள்? அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்கா எல்லாவற்றுக்கும் இதே கதைதானா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்கத்துக்குப் போகலாம். குடியேறிகள் தாய்நாட்டை உதறிய சந்தர்ப்பங்களைவிட, தாய்நாடு அவர்களை உதறிய சந்தர்ப்பங்கள்தான் அதிகம். 'நீயும் எங்களில் ஒருவன்தான், ஆனால் முழுசாக இல்லை' என்று லண்டனோ பாரீஸோ மாட்ரிட்டோ உணர்த்தும்போதெல்லாம் தனி அடையாளம் ஒரு படி ஏறியிருக்கிறது. ஆனால் அப்படிப் பிரிந்து நின்றபின் ஒரு சிக்கல் வருகிறது. தேசம் என்றால் ஒரு பழமை வேண்டும். நேற்று வந்தவர்களிடம் அது எங்கே இருக்கும்? யாரிடமிருந்து நிலத்தைப் பறித்தார்களோ, அவர்களிடமிருந்தே அதையும் எடுத்துக்கொண்டார்கள். குடியேறிகளின் தேசியத்துக்கு இந்த இரண்டு பக்கமும் உண்டு. அதனால்தான் அதில் எப்போதும் ஒரு பதற்றம் இருந்துகொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரன் மெட்ராஸுக்கும் வந்தான், சிட்னிக்கும் போனான். இங்கே 1639-லிருந்து 1947 வரை இருந்தும் 'வெள்ளை மெட்ராஸ்காரர்கள்' என்று ஒரு தேசம் உருவாகவில்லை. அதற்கு நம் ஊர் வெயிலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கே அது பிடிக்கவில்லை. 1833 சாசனச் சட்டம் வரை ஐரோப்பியர்கள் இஷ்டத்துக்கு வந்து இங்கே நிலம் வாங்கிக் குடியேறிவிட முடியாது. வா, வேலை பார், சம்பாதி, ஊர் திரும்பு. அவ்வளவுதான்.

புனித ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்குப் போனால் கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். திப்பு சுல்தானின் மகன்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கக் குடியேறிகளிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதியும் அவரேதான். ஐந்து வருஷத்தில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து சேர்ந்தார். அவருடைய காலத்தில்தான், 1791-ல், தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களுக்குக் கம்பெனி உத்தியோகக் கதவு சாத்தப்பட்டது. ஒரு கூட்டம் வேர்விட்டால் அது என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவரின் ஆட்சியில் இது நடந்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆக, மெட்ராஸில் அவர்களுக்கு வேண்டியிருந்தது நம்முடைய வரியும் துணியும். சிட்னியிலும் வர்ஜீனியாவிலும் வேண்டியிருந்தது நிலம். முதல் வகையில் உள்ளூர்க்காரன் இருந்தாக வேண்டும். இரண்டாவது வகையில் உள்ளூர்க்காரன் இடைஞ்சல். இந்த வித்தியாசத்தை மறக்காமல் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதில் புரியும்.

அமெரிக்கர்கள் ஆரம்பத்திலிருந்தே சுதந்திர தாகத்தோடு இருந்தார்கள் என்பது பின்னால் எழுதிச் சேர்த்தது. 1765-ல் முத்திரைத்தாள் வரி வந்தபோது அவர்கள் கேட்டது 'ஆங்கிலேயனுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் வேண்டும்' என்பதைத்தான். அதாவது, நாங்களும் ஆங்கிலேயர்களே என்பதுதான் அவர்களுடைய வாதம். ஜார்ஜ் வாஷிங்டன் இளைஞராக இருந்தபோது பிரிட்டிஷ் ராணுவத்தில் முறையான அதிகாரி பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. காலனிப் படை அதிகாரிக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் லண்டனிலிருந்து வந்தவருக்குக் கீழேதான். ஸ்பானிய அமெரிக்காவில் இது இன்னும் அப்பட்டம். தேசியம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் பெனடிக்ட் ஆண்டர்சன் ஒரு கணக்குத் தருகிறார்: 1813-க்கு முன் அங்கே ஆண்ட 170 வைஸ்ராய்களில் அந்த மண்ணில் பிறந்த ஸ்பானியர்கள் 4 பேர்தான். ரத்தம் அதே ஸ்பானிய ரத்தம், மதம் அதே கத்தோலிக்கம். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒரே காரணத்துக்காக மேலே ஏற முடியாது. ஸ்பெயினை எதிர்த்துத் தென் அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய சிமோன் பொலிவார் அப்படிப்பட்ட பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைதான். இது நமக்கும் புதிதில்லை. ஐ.சி.எஸ். கதவு பாதிதான் திறக்கும் என்று புரிந்த வக்கீல்களும் பட்டதாரிகளும்தான் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கூட்டம் போட ஆரம்பித்தார்கள்.

பதவி மட்டும்தான் என்றில்லை. சில சமயம் தாய்நாடு ஒரு கையெழுத்திலேயே பிள்ளைகளைக் கைகழுவிவிடும். 1763 பாரீஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் செய்தது அதுதான். சர்க்கரை விளையும் கரீபியன் தீவுகளான குவாதலூப்பையும் மார்ட்டினிக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டு, 60,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் குடியேறிகள் வாழ்ந்த கனடாவை இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுத்தது. (அதே ஒப்பந்தத்தில்தான், கம்பெனி தரைமட்டமாக்கிய பாண்டிச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. கனடாவைவிட நம் பக்கத்து ஊர் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது!) அப்படிக் கைவிடப்பட்டவர்களின் வாரிசுகள்தான் இன்றைய கியூபெக்வாசிகள். 'கனடியர்' என்ற பெயர் முதலில் இவர்களுக்குத்தான் இருந்தது. ஆங்கிலம் பேசியவர்கள் நீண்ட காலம் தங்களை பிரிட்டிஷ்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்கப் புரட்சி பிடிக்காமல் வடக்கே ஓடிவந்த ராஜவிசுவாசிகள் அவர்களில் கணிசம். 'நாங்கள் அமெரிக்கர் இல்லை' என்பதுதான் அவர்களின் முதல் அடையாளம், இன்றைக்கும் ஓரளவு அப்படித்தான். கனடியக் குடியுரிமை என்ற ஒன்றே சட்டப்படி 1947 ஜனவரி 1 அன்றுதான் பிறந்தது. மேப்பிள் இலைக் கொடி 1965-ல், அதுவும் நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் சண்டை போட்டபிறகு.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். கேள்வியும் அதிலிருந்துதானே ஆரம்பித்தது.

1901 ஜனவரி 1 வரை ஆஸ்திரேலியா என்று ஒரு நாடு கிடையாது. ஆறு தனித்தனிக் காலனிகள். ஒன்றுக்கொன்று எல்லையில் சுங்கம் வசூலித்துக்கொண்டன. ரயில் பாதையின் அகலம்கூட ஒத்துப்போகவில்லை: நியூ சவுத் வேல்ஸில் நாலடி எட்டரை அங்குலம், விக்டோரியாவில் ஐந்தடி மூன்றங்குலம், குயின்ஸ்லாந்தில் மூன்றடி ஆறங்குலம். எழும்பூரில் மீட்டர் கேஜும் சென்ட்ரலில் பிராட் கேஜுமாக இருந்த காலத்தை நினைவு வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்கு இதன் தொல்லை புரியும். சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகிறவர் ஆல்பரி ஸ்டேஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வேறு ரயில் ஏற வேண்டும். 1962-ல்தான் இதற்கு முடிவு வந்தது. அரசியல் சட்டம் எழுதி ஒரு தேசத்தைச் சேர்த்தபிறகு தண்டவாளம் சேர அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்படிப் பிரிந்து கிடந்தவர்கள் எங்கே ஒன்றாக நின்றார்கள் என்று கேட்டால், கிரிக்கெட் மைதானத்தில். முதல் டெஸ்ட் மேட்ச் நடந்தது 1877 மார்ச்சில், மெல்பர்னில். நாடு பிறப்பதற்கு 24 வருஷம் முன்பே நாட்டுக்கு ஒரு அணி வந்துவிட்டது. தாய்நாட்டை அதன் சொந்த ஆட்டத்திலேயே ஜெயிப்பதில் உள்ள ருசியை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே அந்த ருசிக்கு ஒரு கூடுதல் காரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி கைதிகளை நாடுகடத்தித் தொடங்கிய குடியேற்றம். வெயிலிலும் தனிமையிலும் வெள்ளை ரத்தம் கெட்டுவிடும் என்று இங்கிலாந்தில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 'நாங்கள் கெட்டுப்போகவில்லை, பார்' என்று காட்ட ஸ்கோர்போர்டைவிட நல்ல சாட்சி கிடையாது. 1932–33 தொடரில் இங்கிலாந்து கேப்டன் ஜார்டின், வேகப்பந்து வீச்சாளர் லார்வுட்டை விட்டு உடம்பைக் குறிவைத்துப் பந்து வீச வைத்தபோது, ஆஸ்திரேலிய வாரியம் லண்டனுக்கு அடித்த தந்தி இரு அரசாங்கங்கள் தலையிடும் அளவுக்குப் போனது. கனவான்களின் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்களே அதை மீறினார்கள் என்ற கசப்பு, எந்த அரசியல் மேடையும் செய்யாத வேலையைச் செய்தது.

இதில் ஒரு விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகும். இங்கிலாந்துக்கு ஆடப்போன முதல் ஆஸ்திரேலிய அணி வெள்ளையர் அணி இல்லை. 1868-ல் போனது முழுக்கப் பூர்வகுடி ஆட்டக்காரர்களின் அணி; கேப்டன் மட்டும் ஆங்கிலேயர். 47 மேட்ச் ஆடி, 14 ஜெயித்து, 14 தோற்று, மீதியை டிரா செய்தார்கள். அடுத்த வருஷமே விக்டோரியாவில் ஒரு 'பாதுகாப்பு'ச் சட்டம் வந்தது. பூர்வகுடிகள் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்று அரசாங்கம் தீர்மானிக்கலாம் என்றது அந்தச் சட்டம். எட்டு வருஷம் கழித்து 'முதல்' டெஸ்டுக்கு இறங்கிய அணியில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் போர். இங்கே சென்னையும் கதைக்குள் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தைச் சுட்டு எண்ணெய் டேங்குகளைக் கொளுத்தியதும், ஊர் பாதி காலியானதும், 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு இன்றுவரை நம் வாயில் இருப்பதும் தெரிந்ததுதான். ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டும் இருக்கிறது. அந்த எம்டனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதைச் சிதைத்துக் கரையேற்றியது. ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரிய வெற்றி அது. எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் நிற்கிறது. நமக்குப் பீதி கொடுத்த கப்பல் அவர்களுக்குப் பெருமை கொடுத்தது. ஆனால் 'சிட்னி' கப்பலின் கேப்டன் கிளாசப், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. வெற்றி யாருடையது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் 'சாம்ராஜ்யத்தினுடையது' என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

'சிட்னி' அன்று காவலாகப் போய்க்கொண்டிருந்தது, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்கு. அந்தப் படைதான் எகிப்துக்குப் போய், 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் இறங்கியது. எட்டு மாதம் போராடி, 8,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களைப் பறிகொடுத்து, ஒன்றும் பிடிக்காமல் திரும்பியது. தோல்விதான். ஆனால் அந்த நாள்தான் இன்றும் இரு நாடுகளிலும் விடியற்காலையில் எழுந்து நினைவுகூரும் ஆன்சாக் தினம். தேசம் அங்கேதான் பிறந்தது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. முதலில் சேர்ந்த வீரர்களில் கணிசமானவர்கள் இங்கிலாந்திலேயே பிறந்தவர்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் இரண்டு தடவையும் வேண்டாம் என்றார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. அதெல்லாம் விடியற்கால நினைவுகூரலில் வருவதில்லை. அமெரிக்காவுக்கு ஒரு சுதந்திரப் போர் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அது கிடையாது, பேச்சுவார்த்தை நடத்திச் சட்டம் போட்டுச் சேர்ந்த நாடு. தேசம் என்றால் ரத்தம் சிந்தியிருக்க வேண்டும் என்று நம்பிய காலத்தில், அந்தக் குறையைக் கலிப்பொலி நிரப்பியது. உள்நாட்டில் பூர்வகுடிகளின் நிலத்துக்காக ரத்தம் சிந்தித்தான் இருந்தது. ஆனால் அதற்கு நினைவுச்சின்னம் கட்ட யாருக்கும் மனசில்லை.

நிஜமான பிளவு 1942-ல் வந்தது என்பது என் கட்சி. 1941 டிசம்பர் கடைசியில் பிரதமர் ஜான் கர்ட்டின் பத்திரிகையில் எழுதினார்: பிரிட்டனோடு உள்ள பந்தபாசத்துக்காக மனம் கலங்காமல், ஆஸ்திரேலியா இனி அமெரிக்காவை நோக்கியே பார்க்கிறது என்று. எழுதியபோது பலருக்கு அதிர்ச்சி. ஏழே வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, அசைக்க முடியாத கோட்டை என்று லண்டன் சத்தியம் செய்த சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் ஒரே நாளில் கைதிகள். நான்கு நாளில் டார்வின் துறைமுகத்தில் குண்டு. ஏப்ரலில் மெட்ராஸிலும் ஜப்பான்காரன் வருகிறான் என்று அரசாங்க ஆபீஸ்களே மூட்டை கட்டின. 'சர்க்கார் நம்மைக் காப்பாற்றாது' என்று அன்று மெட்ராஸ்காரர் புரிந்துகொண்டதைத்தான் ஆஸ்திரேலியரும் அதே மாதங்களில் புரிந்துகொண்டார். 1931-லேயே லண்டன் கொடுத்துவிட்ட முழுச் சட்டமியற்றும் அதிகாரத்தை, பத்து வருஷத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்துவிட்டு, 1942-ல்தான் ஆஸ்திரேலியா கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டது. சுதந்திரத்தைக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத விசித்திரம்!

மிச்சமிருந்த பாசத்தை 1973 தீர்த்தது. பிரிட்டன் அந்த வருஷம் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. நியூசிலாந்தின் வெண்ணெய்க்கும் ஆட்டுக்கறிக்கும், ஆஸ்திரேலியாவின் பழத்துக்கும் கோதுமைக்கும் பல வருஷமாக இருந்த சலுகை போயிற்று. அம்மா வேறு வீட்டோடு சம்பந்தம் பேசி முடித்துவிட்டுப் பிள்ளைக்குத் தகவல் சொன்ன மாதிரி. அதற்கப்புறம்தான் காரியங்கள் விறுவிறுவென்று நடந்தன. தேசிய கீதமும், மைதானத்தில் நாம் பார்க்கும் பச்சையும் மஞ்சளும் தேசிய நிறங்களாக அதிகாரபூர்வமானதும் 1984-ல். சேப்பாக்கத்தில் டெஸ்ட் டை ஆன 1986-ல்தான் ஆஸ்திரேலிய வழக்குகள் மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போவது முற்றிலும் நின்றது. நாம் அதை 1949-லேயே நிறுத்திவிட்டோம். அந்த டெஸ்டில் டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்தபடியே 210 அடித்தார். முடியவில்லை, வெளியே போகிறேன் என்று அவர் சொன்னபோது, கேப்டன் ஆலன் பார்டர், 'போ, குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு வலுவான ஆளை இறக்கிக்கொள்கிறேன்' என்று விக்டோரியாக்காரரான அவரைச் சீண்டியதாகச் சொல்வார்கள். நாடு ஒன்றானாலும் காலனிச் சண்டை அவ்வளவு சீக்கிரம் போகாது.

சரி, இது தாய்நாட்டோடு உள்ள கணக்கு. மண்ணோடு உள்ள கணக்கு வேறு.

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களில் பலர் மோஹாக் இந்தியர் வேஷம் போட்டிருந்தார்கள். முகத்தை மறைக்க எத்தனையோ வழி இருந்தும் அந்த வேஷம் ஏன்? 'நாங்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை, இந்த மண்ணுக்காரர்கள்' என்று சொல்ல அவர்களுக்கு வேறு சின்னம் கிடையாது. அதே ஆட்கள், அதே வருஷங்களில், மேற்கே பூர்வகுடிகளின் நிலத்துக்குள் குடியேறக்கூடாது என்று லண்டன் போட்ட 1763 தடையை எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வேஷம் வேண்டும், ஆள் வேண்டாம். இந்த முறையைப் பிறகு எல்லா இடத்திலும் பார்க்கலாம். நியூசிலாந்து ரக்பி அணி ஆடும் ஹாக்கா நடனம் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுடையது. ஆஸ்திரேலியா தன் பரிசுப் பொருள்களில் போடும் பூமராங்கும் புள்ளி ஓவியமும் யாருடையவை என்று தெரியும். கனடாவில் வான்கூவர் விமான நிலையத்தில் இறங்கினால் வரவேற்பது பூர்வகுடிச் சிற்பங்கள்.

சின்னத்தை எடுத்துக்கொண்டவர்கள், சட்டத்தில் அவர்களை இல்லாமல் ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்கு வந்தோம் என்ற அனுமானம் 1992 ஜூன் வரை சட்டமாக இருந்தது. டாரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்த எட்டி மாபோ பத்து வருஷம் வழக்காடி அதை உடைத்தார். தீர்ப்பு வருவதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார்.

நியூசிலாந்தில் 1840-ல் மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கி ஒப்பந்தம் போட்டதால் கதை கொஞ்சம் வேறு. மீறினாலும், மீறினாய் என்று கேட்க ஒரு காகிதமாவது இருந்தது. அந்த நாட்டைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் உடனே எடுக்கும் சங்கதி ஒன்று உண்டு: வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மாவோரிகளிடம் கண்டெடுத்த தமிழ் மணி. உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்த அந்த உடைந்த வெண்கல மணியில், முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதைக் காட்டித் தமிழன்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று மார்தட்டுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 'மாவோரிகளுக்கு முன்னால் வேறு யாரோ இருந்தார்கள்' என்று நிறுவத் துடிக்கிற குடியேறிகள் அங்கே எப்போதும் உண்டு. அப்படி நிறுவிவிட்டால் மாவோரிகளும் வந்தவர்கள்தான், யாருக்கும் தனி உரிமை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? ஒரு மணி அங்கே போய்ச் சேர்ந்தது உண்மை. அதைவிட அதிகமாக அந்த மணி எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு: பின்னால் வருகிறவர்கள். 1901-ல் பிறந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் முதல் வருஷமே செய்த காரியங்களில் ஒன்று, வெள்ளையரல்லாதவர்களைத் தடுக்கும் சட்டம். நிறத்தை வெளிப்படையாகச் சொல்லாமல், ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை டிக்டேஷன் எழுதச் சொன்னார்கள். மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரி. 1934-ல் எகோன் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளரைத் தடுக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். கடைசியில் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்துத் தோற்கடித்தார்கள். உயர் நீதிமன்றமே அது செல்லாது என்றது! இந்தச் சட்டத்தை முன்னின்று வாதாடியவர் ஆல்பிரட் டீகின், பிற்பாடு பிரதமர். அவர் இந்தியாவை வெறுத்தவர் இல்லை. இங்கே வந்து நம் பாசன முறைகளைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் புத்தகம் எழுதியவர், அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் சிந்தனையில் ஈடுபாடு உள்ளவர். ஆசியர்களின் கெட்ட குணத்துக்காக இல்லை, அவர்களின் நல்ல குணத்துக்காகத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள், அதனால் ஆபத்து. எதிராளியைப் புரிந்துகொண்டால் வெறுப்பு போய்விடும் என்று நம்புகிறவர்கள் டீகினைப் படிக்க வேண்டும்.

டச்சுக் குடியேறிகளின் வாரிசுகளான தென்னாப்பிரிக்க ஆப்பிரிக்கானர்கள் இந்த வகையில் கடைக்கோடி உதாரணம். ஹாலந்தை அவர்கள் மறந்தே விட்டார்கள், எதிரி பிரிட்டன். போயர் போரில் பிரிட்டிஷ் முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் இறந்தது அவர்களின் தேசியத்துக்கு அடித்தளம். பக்கத்து முகாம்களில் இறந்த ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. மொழியையும் தனியாக வளர்த்தார்கள். 1925-ல் ஆப்பிரிக்கான்ஸும் அரசு மொழி ஆனது. ஆனால் அந்த மொழி உருவானது யார் வாயில்? கேப் டவுன் வீடுகளின் அடிமைகள் வாயிலும்தான். அந்த அடிமைகளில் மலாய்க்காரர்கள் உண்டு, வங்காளிகள் உண்டு, நம் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் பிடித்துப் போனவர்களும் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம். பிறகு 1860-ல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகளும் அந்த நாட்டின் அடையாளச் சண்டையில் ஒரு தரப்பு ஆனார்கள்.

இதெல்லாம் வெள்ளைத்தோல் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்கள் 1847-ல் லைபீரியாவை நிறுவினார்கள். 'சுதந்திரத்தின் மீதுள்ள காதல் எங்களை இங்கே கொண்டுவந்தது' என்பது அதன் அரச வாசகம். ஏற்கெனவே அங்கேயே இருந்தவர்களை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லையே! வாசகத்திலேயே அவர்கள் வெளியே. 1980-ல் ஒரு ராணுவப் புரட்சி குடியேறிகளின் ஆட்சியை முடித்துவைத்தது.

பூர்வகுடிகளே இல்லாத இடமாக இருந்தாலும் 'யார் முதலில்' என்ற கேள்வி விடாது. மொரீஷியஸில் எல்லாருமே வந்தவர்கள்தான். 1730-களில் லபூர்தோனே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே கவர்னராக இருந்தபோது பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோனார். 1746-ல் மெட்ராஸ் கோட்டையைப் பிடித்தவரும் இவரேதான். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அங்கே வெகுநாளாக உண்டு. 1998-ல் வந்த புது நோட்டில் தமிழுக்கு மேலே இந்தி எழுத்துக்களைப் போட்டுவிட்டார்கள். 'நாங்கள்தான் முன்னால் வந்தோம்' என்று தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: இது எங்கேயாவது முடிந்திருக்கிறதா? இல்லை. ஆஸ்திரேலியாவில் இன்று நாலு பேரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர். ராஜாவை விட்டுவிடலாமா என்று 1999-ல் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். பூர்வகுடிகளுக்கு அரசியல் சட்டத்தில் ஒரு ஆலோசனைக் குழு வைக்கலாமா என்று 2023 அக்டோபர் 14 அன்று கேட்டபோது, ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தேசிய தினமான ஜனவரி 26, 1788-ல் முதல் பிரிட்டிஷ் கப்பல் கூட்டம் சிட்னியில் கொடி நட்ட நாள். மெரினாவில் நம் குடியரசு தின அணிவகுப்பு நடக்கும் அதே நாளில் அங்கே ஒரு பக்கம் வாணவேடிக்கை, இன்னொரு பக்கம் 'படையெடுப்பு நாள்' ஊர்வலம்.

புதிதாகக் குடியுரிமை வாங்குகிறவர்களுக்கு விழா எடுப்பதும் பல ஊர்களில் அந்த நாளில் நடந்துவந்தது. அம்பத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போய் உறுதிமொழி எடுக்கும் நம்மவர், 1788 கொடிக்கும் கொஞ்சம் வாரிசாகிறார், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். தேதியை மாற்றச் சொல்லிச் சில நகரசபைகள் அடம்பிடித்தன. மத்திய அரசு 2022 டிசம்பரில் விதியைத் தளர்த்தியது: முன்னாலோ பின்னாலோ மூன்று நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.